நொடிக்குப் பதினைந்து மின்னல்

தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது, ஷாம்பு போட்டுக் குளிக்க வேண்டும், முந்தைய இரவு அரைத் தூக்கத்தோடு எழுப்பிவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். 14 வயதான என் அக்கா மகளை மதுரைக்கு, மூளையின் மின்துடிப்பைப் பதியும் இ.இ.ஜி. எடுக்கக் கூட்டிப்போன நாள் அது. அதிகாலை மூன்று மணிக்கே எழுப்பிவிட்டோம். விடியும்வரை பல்லாங்குழி ஆடினோம். திண்டுக்கல்லில் பஸ் ஏறியதிலிருந்து அவள் கண் செருகும்போதெல்லாம் தோளைத் தட்டித் தட்டி எழுப்பியபடியே வந்தேன்.

பரிசோதனை அறையில் அவள் தலையெங்கும் பசை தடவி ஒயர்களை ஒட்டினார்கள். ஊதுவதுபோல மூன்று நிமிடம் ஆழமாக மூச்சுவிடச் சொன்னார்கள். பிறகு முகத்துக்கு நேரே ஒரு விளக்கை நகர்த்தி வைத்தார்கள். அது முதலில் மெதுவாக மின்னியது, பிறகு வேகம் கூடிக்கொண்டே போனது. ஒரு கட்டத்தில் அவளுடைய இரண்டு கைகளும் சட்டென்று துள்ளின. டெக்னீஷியன் அந்த நொடியே விளக்கை அணைத்தார். பக்கத்து அறையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: “பதினஞ்சுல வந்துருச்சு சார்.”

நொடிக்குப் பதினைந்து முறை மின்னும் வெளிச்சம். அன்றுவரை அந்த எண்ணுக்கு எங்கள் குடும்பத்தில் எந்த அர்த்தமும் இல்லை.

டாக்டர் அக்காவிடம் கேட்ட முதல் கேள்வி எங்களில் யாரும் எதிர்பாராதது. “காலைல எந்திரிச்சதும் கையில வச்சிருக்கறதைக் கீழ போடுவாளாம்மா?” அக்கா பதில் சொல்லவில்லை. ஒரு வருடமாக அந்த வீட்டில் காலைக் காப்பி டம்ளர் விழாத வாரம் இல்லை. “கையில பிடிமானமே இல்லாம ஒரு பொம்பளப் புள்ள” என்று அவள் வாங்காத திட்டில்லை, ஓரிரு முறை அடியும் வாங்கியிருக்கிறாள். தூங்கி எழுந்த அரைமணி நேரத்துக்குள் கை தானாகத் துள்ளுவதும் வலிப்பின் ஒரு வடிவம்தான் என்று டாக்டர் சொன்னார். வளரிளம் பருவத்தில் தொடங்கும் இந்த வகை வலிப்பில் மூன்றில் ஒருவருக்குப் போல ஒளிக்கூச்சமும், அதாவது மின்னும் வெளிச்சம் வலிப்பைத் தூண்டும் தன்மையும், சேர்ந்தே இருக்கிறது. அக்கா அந்த நாற்காலியிலேயே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நோயை நினைத்தல்ல, அடித்ததை நினைத்துத்தான் அழுதாள் என்று எனக்குத் தெரியும்.

எல்லாரும் பார்த்த பெரிய வலிப்பு அதற்கு இரண்டு வாரம் முன்பு ஊர்த் திருவிழாவில் வந்தது. இரண்டு இரவுகளாக வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. அம்மன் புறப்பாடு முடிந்து கலைநிகழ்ச்சி தொடங்கியிருந்தது. மேடையின் இரு பக்கமும் ஷார்பி லைட்டுகள், நடுவே வெட்டி வெட்டி மின்னும் ஸ்ட்ரோப் விளக்கு. பிள்ளைகள் எல்லாம் மேடையை ஒட்டி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் விழுந்ததும் யாரோ ஓடிவந்து சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள். இன்னொருவர் பல்லுக்கிடையே கரண்டியைச் செருகப் பார்த்தார். நாலு பேர் கைகால்களை அமுக்கிப் பிடித்தார்கள். இத்தனை நடந்தும், அந்த விளக்கை அணைக்கச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

அந்தக் குற்ற உணர்ச்சிதான் என்னை இதைப் பற்றிப் படிக்க வைத்தது.

சந்தைக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பேர் ஆளுக்கொரு பக்கம் பேசிக்கொண்டு, பேரம் பண்ணிக்கொண்டு நிற்கிறார்கள். மூளையின் நரம்பணுக்களும் சாதாரணமாக அப்படித்தான், ஒவ்வொன்றும் தன் வேலையைத் தன் நேரத்தில் செய்யும். சந்தைக்குள் திடீரென்று பறை முழங்கி, எல்லோரும் பேச்சை விட்டுவிட்டு ஒரே தாளத்தில் கைதட்டத் தொடங்கினால் வியாபாரம் நின்றுவிடும். தலையின் பின்பகுதியில் பார்வையைக் கையாளும் மூளைப் பரப்பு இருக்கிறது. வெட்டி வெட்டி வரும் வெளிச்சம் அங்கே பறைபோல விழுகிறது. பெரும்பாலான மூளைகள் அதைத் தாங்கிக்கொள்கின்றன. சில மூளைகளில் மட்டும் அந்தத் தாளம் பரவி, ஒன்றாகத் துள்ளும் நரம்பணுக்களின் கூட்டம் பெருகி, வலிப்பாக மாறுகிறது.

எந்த வெளிச்சமும் இதைச் செய்துவிடாது. நொடிக்கு 3 முதல் 30 வரை மின்னும் வெளிச்சம்தான் ஆபத்து, அதிலும் 15 முதல் 25 வரை மிக ஆபத்து. கண்ணுக்குத் தெரியும் பரப்பில் எவ்வளவை அந்த வெளிச்சம் அடைக்கிறது என்பதும், வெளிச்சத்துக்கும் இருளுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதும் முக்கியம். அடர்சிவப்பு மற்ற நிறங்களைவிட மோசம். மின்னவே வேண்டாம், கறுப்பு வெள்ளைக் கோடுகள் நெருக்கமாக ஓடும் துணியோ கிராதியோ எஸ்கலேட்டர் படியோகூடச் சிலருக்குப் போதும். பவானி ஜமுக்காளத்தை உற்றுப் பார்க்க முடியாதவர்களும் நம்மிடையே இருக்கக்கூடும்.

இது மின்சாரம் வந்தபிறகு வந்த நோயும் அல்ல. சுழலும் குயவர் சக்கரத்தைப் பார்த்தால் வலிப்பு வரலாம் என்று இரண்டாம் நூற்றாண்டு ரோமானிய எழுத்தாளர் அபுலேயஸ் எழுதி வைத்திருக்கிறார்.

மதுரையிலிருந்து வந்த அன்று நான் முதலில் எண்ணியது எங்கள் வீட்டு மின்விசிறியை. மூன்று இறக்கை. நிமிடத்துக்கு 300 சுற்று என்றால் நொடிக்கு ஐந்து சுற்று. இறக்கைக்கு மேலே விளக்கோ உயரத்தில் ஜன்னலோ இருந்து, கீழே பாயில் மல்லாந்து படுத்திருக்கும் பிள்ளையின் கண்ணில் அந்த வெளிச்சம் விழுந்தால், இறக்கைகள் அதை நொடிக்குப் பதினைந்து முறை வெட்டும். பரிசோதனை அறையில் அவள் கை துள்ளிய அதே எண். விளக்கை விசிறிக்குக் கீழே, பக்கச் சுவரில் மாற்றிப் பொருத்த எலெக்ட்ரீசியனுக்கு அரைநாள்கூட ஆகவில்லை.

பிறகு பயணங்களை எண்ணினேன். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி நொடிக்குப் பதினாறு மீட்டருக்கு மேல் கடக்கிறது. சாலையோரத்தில் மீட்டருக்கு ஒரு கம்பி வைத்த வேலி இருந்து, அதன் பின்னால் சாயங்கால வெயில் தாழ்ந்து நின்றால், ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் முகத்தில் நொடிக்குப் பதினாறு முறை வெளிச்சமும் நிழலும் மாறி மாறி அடிக்கும். ரயில் பாலத்தின் கம்பிகளும், புளியமர வரிசையின் இலைகளுக்கிடையே தெறிக்கும் வெயிலும், குளத்து அலைகளில் மினுங்கும் சூரியனும் இதே கணக்கில் வருபவைதான். அவளை இப்போது வெயில் அடிக்காத பக்கம் பார்த்து உட்கார வைக்கிறோம். தண்ணீர்ப் பளபளப்பைக் குறைக்கும் போலராய்டு கண்ணாடி ஒன்று அவள் பையில் இருக்கிறது.

வீட்டு டியூப்லைட் பற்றிப் பலர் கேட்கிறார்கள். நம் மின்சாரத்தில் நல்ல டியூப்லைட் நொடிக்கு 100 முறை மின்னுகிறது. அது ஆபத்து எல்லைக்கு வெகு மேலே இருப்பதால் பயமில்லை. சோக்கோ ஸ்டார்ட்டரோ போய்க் கண்ணுக்கே தெரியும்படி படபடக்கும் விளக்குதான் பிரச்சினை. “எப்படியும் எரியுதுல்ல” என்று அதை மாதக்கணக்கில் விட்டுவைக்கும் வகுப்பறைகளை நான் பார்த்திருக்கிறேன். பழைய டப்பா டி.வி.யைக் கிட்டே உட்கார்ந்து பார்க்கக் கூடாது என்று பெரியவர்கள் அதட்டியதிலும் விஷயம் இருந்தது. கிட்டே போகப் போக அதன் கோடுகள் நொடிக்கு 25 முறை துடிப்பது கண்ணில் படும். இன்றைய எல்.இ.டி. திரைகளில் அந்தத் துடிப்பு இல்லை. ஆனால் திரையில் ஓடும் காட்சியே மின்னினால், நல்ல திரையால் என்ன பயன்?

அதை உலகத்துக்குக் காட்டியது ஜப்பான். 1997 டிசம்பர் 16, மாலை ஆறரை மணிக்குப் பிள்ளைகள் எல்லாம் போக்கிமான் கார்ட்டூன் தொடர் பார்க்க உட்கார்ந்தார்கள். ஒரு வெடிப்புக் காட்சியில் சிவப்பும் நீலமும் நொடிக்கு 12 முறை வீதம் சில நொடிகள் திரை முழுக்க மாறி மாறி மின்னின. அன்று மாலை 685 பிள்ளைகள் ஆம்புலன்ஸில் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். எல்லோருக்கும் வந்தது வலிப்பல்ல, தலைசுற்றலும் வாந்தியும் வந்தவர்களும் உண்டு. ஆனால் வலிப்பு வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அதற்கு முன் ஒருமுறைகூட வந்ததில்லை. தங்களுக்கு இப்படியொரு கூச்சம் இருப்பதே தெரியாமல் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் அவர்கள். அன்றிரவு செய்தியில் அதே காட்சியைத் திரும்பப் போட, அதைப் பார்த்தும் சிலர் விழுந்தார்கள். தொடர் நான்கு மாதம் நிறுத்தப்பட்டது. அந்த ஒரு பகுதி அதன்பிறகு ஒளிபரப்பப்படவே இல்லை.

இதைத் தடுப்பதில் பிரிட்டன் ஜப்பானுக்கு முந்திக்கொண்டது. அங்கே 1993-ல் ஒரு நூடுல்ஸ் விளம்பரம் மூன்று பேருக்கு வலிப்பை வரவழைத்தது. மூன்றே பேர்தான். அதற்கே ஒளிபரப்புக்கு விதி எழுதினார்கள். பர்மிங்காமில் ஆஸ்டன் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் ஒளிக்கூச்ச வலிப்பை ஆராய்ந்த கிரகாம் ஹார்டிங்கின் அளவுகள் அதற்கு அடிப்படையாயின. திரையின் கால்பங்குக்கு மேல் பரவும் மின்னல் நொடிக்கு மூன்று முறையைத் தாண்டக் கூடாது என்பது அதன் சாரம். படத்தை ஓட்டிப் பார்த்து, விதியை மீறும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் மென்பொருள் அவர் பெயராலேயே வழங்குகிறது. 2012 லண்டன் ஒலிம்பிக்ஸின் சின்னத்தை 2007-ல் அறிமுகப்படுத்தியபோது, அதன் அசைபடத்தில் ஒரு துண்டு இந்த அளவை மீறியது. சிலருக்கு வலிப்பு வந்ததாகப் புகார் எழுந்ததும் அதை இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.

இந்த அறிவை ஆயுதமாக்கியவர்களும் இருக்கிறார்கள். வலிப்பு உள்ளவர்கள் என்று தெரிந்தே அவர்களுக்கு மின்னும் படங்களை அனுப்பிய கொடுமை பலமுறை நடந்திருக்கிறது. வலிப்பு நோயாளிகளுக்காக நடந்து நிதி திரட்டிய எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் குறிவைத்தும் 2020-ல் பிரிட்டனில் அனுப்பினார்கள். அந்தச் சிறுவனின் பெயரால் அழைக்கப்படும் பிரிவு, அந்நாட்டின் 2023-ம் ஆண்டு இணையப் பாதுகாப்புச் சட்டத்தில் இடம்பெற்றது. தீங்கு செய்யும் நோக்கத்தோடு மின்னும் படம் அனுப்பினால் ஐந்தாண்டுவரை சிறை.

நம் ஊருக்கு வருவோம். உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு இருக்கிறது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல். அவர்களில் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான் ஒளிக்கூச்சம் உள்ளவர்கள். ஆனால் அந்த மூவரில் பெரும்பாலோர் பள்ளிக்கூடப் பிள்ளைகள், பையன்களைவிடப் பெண்பிள்ளைகள் அதிகம். கணக்குப் போட்டால் லட்சங்களில் வரும்.

வலிப்பைத் தூண்டும் பல விஷயங்களில் வெளிச்சமும் ஒன்று, அவ்வளவுதான். தென்னிந்தியாவில், குறிப்பாகக் கர்நாடகத்தில், தலைக்குச் சுடுதண்ணீர் ஊற்றும்போது வலிப்பு வருபவர்கள் இருக்கிறார்கள். பெங்களூரு மருத்துவர்கள் 1960-களின் பிற்பகுதியிலிருந்து இதைப் பதிவுசெய்து வருகிறார்கள். கொதிக்கும் தண்ணீரைச் சொம்பு சொம்பாகத் தலையில் ஊற்றும் நம் எண்ணெய்க் குளியல் வழக்கத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய நோய் அது. வெதுவெதுப்பான தண்ணீருக்கு மாறினாலே பலருக்கு நின்றுவிடுகிறது. இலங்கையில் சோறு சாப்பிடும்போது வலிப்பு வரும் நோயாளிகளைப் பற்றி அந்நாட்டு நரம்பியல் மருத்துவர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். பேய் அடித்தது என்று கோடாங்கிக்காரரிடம் கூட்டிப்போகிறோமே, அவர்களில் எத்தனை பேருக்குத் தூண்டுதல் இன்னதென்று கண்டுபிடித்து விலக்கியிருக்க முடியுமோ! எங்கு, எப்போது, எதைச் செய்துகொண்டிருந்தபோது வந்தது, முந்தைய இரவு எத்தனை மணி நேரத் தூக்கம் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். டாக்டருக்கு அந்த நோட்டைப்போல உதவுவது வேறெதுவும் இல்லை. வலிப்பு வரும்போது செல்போனில் எடுத்த வீடியோ இருந்தால் இன்னும் நல்லது.

எங்கள் வீட்டில் அந்த நோட்டு சொன்னது இதுதான்: அவளுக்கு வெளிச்சத்தைவிடப் பெரிய எதிரி தூக்கக் குறைவு. தூங்கி எழுந்த நாளில் தாங்கிக்கொள்ளும் வெளிச்சத்தை, தூங்காத மறுநாள் அவளால் தாங்க முடிவதில்லை. அதனால் பரீட்சைக் காலத்திலும் பத்து மணிக்கு விளக்கணைப்பு. மார்க் குறைந்தால் குறையட்டும் என்று அக்கா சொல்லிவிட்டாள். அந்த வீட்டில் அது பெரிய தீர்மானம்.

மாத்திரை விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒளிக்கூச்ச வலிப்புக்கு நன்றாக வேலைசெய்யும் பழைய மருந்து சோடியம் வால்புரோயேட். ஆனால் கர்ப்ப காலத்தில் அதைச் சாப்பிட்டால் பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறை வரலாம், பத்தில் மூன்று நான்கு குழந்தைகளுக்கு வளர்ச்சிக் கோளாறு வரலாம். அதனால் பெண்பிள்ளைகளுக்கு லெவெடிராசிட்டம், லாமோட்ரிஜின் போன்ற வேறு மருந்துகளை முதலில் பார்ப்பதே முறை. பெண்ணைப் பெற்றவர்கள் இந்தக் கேள்வியை டாக்டரிடம் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். கேட்பதுதான் நம் வேலை, மாற்றுவது டாக்டரின் வேலை. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. திடீரென்று நிறுத்துவதே ஆபத்தான வலிப்பைக் கொண்டுவரும். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் வலிப்பு உள்ளவர்களில் நூற்றுக்கு எழுபது பேர் வலிப்பே இல்லாமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அவள் கற்றுக்கொண்ட ஒரு வித்தையையும் எழுதிவிடுகிறேன். எதிர்பாராமல் வெளிச்சம் மின்னத் தொடங்கினால் ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுதாகப் பொத்திக்கொண்டு முகத்தை வேறு பக்கம் திருப்ப வேண்டும். ஒரே கண் வழியாகப் போகும் மின்னல் மூளையில் பாதிக்கும் பரப்பு குறைவு. இரண்டு கண்ணையும் வெறுமனே மூடினால் போதும் என்று நினைப்பது தவறு. இமை வழியாகப் புகும் வெளிச்சம் சிவந்து பரவி, இன்னும் மோசமாகலாம். டி.வி.யை அறை விளக்கைப் போட்டுக்கொண்டு தள்ளி உட்கார்ந்து பார்க்க வேண்டும். இருட்டில் போர்வைக்குள் செல்போனை முகத்தருகே பிடித்துப் பார்ப்பது கூடாது. இத்தாலியில் 610 பேரிடம் சோதித்த நீலநிறக் கண்ணாடி பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இ.இ.ஜி. துள்ளலை நிறுத்தியது அல்லது நன்றாகக் குறைத்தது. எல்லாருக்கும் அது வேண்டியதில்லை, டாக்டர் சொன்னால் வாங்கலாம்.

குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போடுவதில்லை, சும்மா சாத்திவைக்கிறாள். தனியாகக் கிணற்றில் இறங்குவதில்லை. இவ்வளவுதான் தடை. சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் போகிறாள். கபடி ஆடுகிறாள். நாங்கள் அவளை வீட்டுக்குள் வைத்துப் பூட்டவில்லை.

பூட்டச் சொன்னவர்கள் இருந்தார்கள். “வெளியே சொல்லாதீங்க, நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு வந்தா என்ன பண்ணுவீங்க” என்று உறவிலேயே புத்தி சொன்னார்கள். அவர்களுக்கு ஒன்று தெரியாது. வலிப்பைக் காரணம் காட்டித் திருமணத்தைச் செல்லாததாக்கலாம் என்று முன்பு இந்து திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் இருந்த சொல்லை 1999-லேயே நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. சட்டத்திலிருந்து போய் கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் நம் நாக்கிலிருந்து அது இன்னும் போகவில்லை. மறைத்து வைத்த வலிப்புதான் ஆபத்து. வகுப்பாசிரியருக்கும் பக்கத்து பெஞ்ச் தோழிக்கும் தெரிந்திருந்தால், விழும்போது செய்ய வேண்டியதைச் செய்வார்கள்.

என்ன செய்ய வேண்டும்? முதலில் அந்த விளக்கையோ திரையையோ அணையுங்கள். தலைக்கடியில் மெத்தென்று எதையாவது வையுங்கள். இறுக்கமான காலரைத் தளர்த்துங்கள். துள்ளல் அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மணி பாருங்கள், ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமலே மறுபடி வந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். இரும்பு வேண்டாம், சாவி வேண்டாம். வாயில் கரண்டி, துணி, தண்ணீர் எதுவும் வேண்டாம். கைகாலை அமுக்கிப் பிடிக்க வேண்டாம். முழு நினைவு வரும்வரை பக்கத்தில் ஒருவர் இருந்தால் போதும்.

போன தை மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். வரவேற்பு மேடையில் ஸ்ட்ரோப் போடத் தொடங்கினார்கள். அவள் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு என் கையைப் பிடித்து, “மாமா, போய்ச் சொல்லுங்க” என்றாள். மேடையோரம் போய் லைட் போட்டுக்கொண்டிருந்த தம்பியிடம் விஷயத்தைச் சொன்னேன். இருபது வயதிருக்கும். “இப்படியெல்லாம் ஆகும்னு எனக்கு யாருமே சொன்னதில்லண்ணே” என்றவர் உடனே அதை அணைத்துவிட்டு, வண்ண விளக்குகளை மெதுவாக மாறும்படி வைத்தார். மண்டபத்தில் ஒருவருக்கும் எதுவும் குறைந்துவிடவில்லை. எங்கள் பிள்ளை கடைசிப் பந்திவரை இருந்து சாப்பிட்டுவிட்டு வந்தாள்.

அந்தத் தம்பிக்கு யாரும் சொல்லவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன். திரையில் ஒருவர் சிகரெட் பற்றவைத்தால் ஓரத்தில் எச்சரிக்கை வரியைப் பார்க்கிறோம். துப்பாக்கிச் சண்டையும் குத்துப்பாட்டும் மின்னி மின்னி வெட்டும் காட்சிகளுக்கு முன்னால் அப்படியோர் எச்சரிக்கையை எப்போதாவதுதான் பார்க்கிறோம். படம் எடுப்பவர்களே, எடிட்டிங் மேசையிலிருப்பவர்களே, அந்த ஒரு வரியைப் போடுங்கள். ஒலி ஒளி அமைப்பாளர்களே, விழாக் கமிட்டிக்காரர்களே, மண்டபம் வைத்திருப்பவர்களே, ஸ்ட்ரோப் போடத்தான் வேண்டுமென்றால் முன்கூட்டியே மைக்கில் அறிவியுங்கள், முன்வரிசைப் பிள்ளைகளைத் தள்ளி உட்கார வையுங்கள், நொடிக்கு மூன்று முறைக்குள் வையுங்கள். அந்த வேகத்தைக் குறைக்கும் குமிழ் உங்கள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.